பழைய கிட்டாரைத் துடைக்கும் முன்

மாட்டுக்கு வயது பார்க்கப் பல்லைப் பிடித்துப் பார்ப்போம். வீட்டுக்கு வயது பார்க்க முகப்பில் எழுதிய வருஷத்தைப் பார்ப்போம். நிலத்துக்கு மூலப்பத்திரம் இருக்கிறது. ஒரு பழைய கிட்டாருக்கு வயது பார்க்க என்ன செய்கிறோம்? நடுவில் உள்ள வட்ட ஓட்டைக்குள் டார்ச் அடித்து, உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்கிறோம். அதில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்துவிட்டால் "ஃபாரின் சாமான், லட்சக்கணக்கில் போகும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். லேபிள் இல்லாவிட்டால் "பழைய மரக்கட்டை" என்று பரணுக்கு அனுப்பிவிடுகிறோம்.

இரண்டு தீர்ப்பும் அவசரத் தீர்ப்பு என்பது என் கட்சி. லேபிள் கடைசியாக விசாரிக்க வேண்டிய சாட்சி. மரமும் பசையும் ஸ்க்ரூவும் அதற்கு முன்னால் பேச வேண்டும். அவற்றையும்விடப் பெரிய சாட்சி, அந்தக் கிட்டாரை வாங்கியவரும் வாசித்தவரும். நம் பக்கத்தில் அவர்களுக்கெல்லாம் இப்போது அறுபதும் எழுபதும் தாண்டிவிட்டது. அவர்களிடம் யாரும் கேட்டு எழுதி வைப்பதில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அந்தக் கவலையில்தான்.

எனக்கு இதில் என்ன தகுதி என்று கேட்கலாம். பதிவுத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். மாலை நேரத்தில் மெல்லிசைக் குழுவோடு கொடை விழா, கல்யாண வீடு என்று அலைந்து ரிதம் கிட்டார் வாசித்தவன். ஓய்வு பெற்ற பிறகு, புளியங்குடியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பரணில் கிடக்கும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து "அண்ணாச்சி, இது எந்த வருஷத்துச் சாமான்னு பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். பத்திரம் பார்த்த கண்ணால்தான் கிட்டாரையும் பார்க்கிறேன். இரண்டுக்கும் விசாரணை முறை ஒன்றுதான்.

நம் பக்கத்துக்குக் கிட்டார் வந்த வழிகளைப் பாருங்கள். சர்ச் பாடகர் குழு ஒரு வழி. மெல்லிசைக் குழு ஒரு வழி. சிங்கப்பூர், மலேசியா, பிறகு வளைகுடா என்று பிழைக்கப் போனவர்கள் தூக்கிக்கொண்டு வந்தது இன்னொரு வழி. 1980-இல் 'மூடுபனி', 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' என்று இளையராஜாவின் இசையில் படங்கள் வந்தன. 'இளைய நிலா' பாட்டில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேட்டுவிட்டு, காலேஜ் படித்த பையன்களில் பாதிப்பேர் அப்பாவிடம் கிட்டார் கேட்டு அடம் பிடித்தார்கள். கேட்டவர்களில் சிலருக்குக் கிடைத்தது. வாங்கியவர்களில் சிலர் வாசிக்கவும் செய்தார்கள். மற்றதெல்லாம் பரணில்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் இந்த வயது பார்க்கும் வேலை ஓரளவு சுலபம். அமெரிக்காவில் மார்ட்டின் என்று ஒரு கம்பெனி. 1833-இல் நியூயார்க்கில் தொடங்கி, பிறகு பென்சில்வேனியாவின் நாசரேத் என்ற ஊருக்குப் போய் இன்றும் அங்கேயே கிட்டார் செய்கிறது. 1898-லிருந்து ஒவ்வொரு கிட்டாருக்கும் வரிசை எண் போட்டு வருகிறார்கள். அதுவரை செய்தவை சுமார் 8,000 இருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த எண்ணிலிருந்து தொடங்கினார்கள். எந்த வருஷம் எந்த எண்ணோடு முடிந்தது என்ற பட்டியல் இருக்கிறது. 1969-ஆம் வருஷத்தின் கடைசி எண் 256003. ஆகவே உங்கள் கையில் இருப்பது உண்மையான மார்ட்டினாக இருந்தால், எண்ணைப் பார்த்து வருஷத்தைச் சொல்லிவிடலாம். நம் ஆபீஸில் ஆவண எண்ணும் வருஷமும் சொன்னால் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது போல.

அங்கேயும் எல்லோரும் அப்படி ஒழுங்கு கிடையாது. கிப்சன் கம்பெனி 1960-களில் ஒரே எண்ணை வெவ்வேறு வருஷங்களில் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறது. 1977-இல் எட்டு இலக்க எண் முறை கொண்டுவந்து, அதற்குள்ளேயே வருஷத்தையும் நாளையும் வைத்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. அதனால் கிப்சனின் 1960-களின் எண்ணை மட்டும் வைத்து விவரம் தெரிந்தவர்கள் வருஷம் சொல்ல மாட்டார்கள். உடம்பையும் பார்த்துத்தான் சொல்வார்கள்.

நம் ஊர்க் கிட்டார்களுக்கு வருவோம். இவற்றில் பெரும்பாலானவை இந்தியாவிலேயே செய்தவை. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், 1991-க்கு முன், சாதாரணக் குடும்பம் வெளிநாட்டுக் கிட்டாரை வாங்குவது லேசான காரியமா? கல்கத்தாவில் செய்து வந்த கிப்டோன், கிவ்சன் போன்ற பெயர்கள்தான் நமக்குக் கிடைத்தவை. கிவ்சனுக்கும் கிப்சனுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். மங்கிய லேபிளில், டார்ச் வெளிச்சத்தில், ஆசை கண்ணை மறைக்கும்போது, அந்த ஒரு எழுத்து யாருக்குத் தெரியும்? "கிப்சன்னு போட்டிருக்கு அண்ணாச்சி" என்று வருகிறவர்களிடம் மெதுவாக எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்வேன். பாதி வழியில் குரல் இறங்கிவிடும்.

இது கிட்டாருக்கு மட்டும் வந்த நோய் இல்லை. வயலின் வைத்திருக்கும் வீடுகளில் உள்ளே எட்டிப் பாருங்கள். இத்தாலியின் கிரெமோனா நகரத்து ஸ்ட்ராடிவாரி பெயரும் பதினெட்டாம் நூற்றாண்டு வருஷமும் அச்சடித்த லேபிள் இருக்கும். அந்தப் பெரியவர் 1737-இல் காலமாகிவிட்டார். அவர் பெயரை அச்சடித்து ஒட்டிய தொழிற்சாலை வயலின்கள் உலகமெங்கும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதைத்தான் பல இடங்களில் லேபிள் சொல்கிறது. யார் செய்தது என்று அது சொல்வதில்லை. பழைய முத்திரைத்தாளில் புதிதாக எழுதிய பத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைக்காரர் ஒட்டும் லேபிள் இன்னொரு வகை. சென்னையில் மியூசி மியூசிகல் கடை 1842-இல் மிஸ்கித் அண்ட் கோ என்ற பெயரில் தொடங்கியது. பம்பாயில் ஃபுர்ட்டாடோஸ் 1865-லிருந்து இருக்கிறது. இப்படிப்பட்ட கடையின் பெயர் கிட்டாருக்குள் இருந்தால், எங்கே விற்றது என்று தெரியும். எங்கே செய்தது என்று தெரியாது. நம்மில் பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

லேபிளை நம்பக் கூடாது என்பதற்காகக் கிழித்துப் போடவும் கூடாது. அதில் பெரிய எழுத்தில் உள்ள பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் உள்ள விலாசத்தைப் படியுங்கள். உண்மை பெரும்பாலும் சின்ன எழுத்தில்தான் இருக்கும். பத்திரத்தில் சொத்து விவரம் இருப்பது போல. விலாசத்தில் ஆறு இலக்க பின்கோடு இருக்கிறதா? பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது. ஆகவே லேபிள் அதற்குப் பிந்தையது. ஊர்ப் பெயர் கொல்கத்தா என்று இருந்தால் 2001-க்குப் பிறகு. சென்னை என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தால் பெரும்பாலும் 1996-க்குப் பிறகு. மும்பை என்றால் 1995-க்குப் பிறகு. ரசீதில் விலை ரூபாய், அணா, பைசாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்னால் எழுதியதாக இருக்கும். நயா பைசா என்று இருந்தால் அதற்கடுத்த சில வருஷங்கள். 'மதராஸ் மாநிலம்' என்று இருந்தால் 1969 ஜனவரிக்கு முன்.

நம் மாவட்டத்தின் பெயரே ஒரு நல்ல கடிகாரம். கடைக்காரர் ரசீதில் 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்று இருந்தால், அது 1986-க்கும் 1997-க்கும் இடையில் அச்சடித்த ரசீதுப் புத்தகம். 'தென்காசி மாவட்டம்' என்று இருந்தால் 2019 நவம்பருக்குப் பின். ரசீதைப் பார்த்ததும் பணம் எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறோமே, அதன் தலைப்பில் இவ்வளவு இருக்கிறது.

வெளிநாட்டுக் கிட்டாருக்கும் இதே வழிதான். 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் 1993-க்கு முன். அந்த நாடே அப்போது இரண்டாகப் பிரிந்துவிட்டது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த யமஹா கிட்டார்களில் 'நிப்பான் கக்கி' என்ற பெயர் இருக்கும். யமஹா கம்பெனியின் பழைய பெயர் அதுதான். 1987-இல் யமஹா கார்ப்பரேஷன் என்று மாற்றிக்கொண்டார்கள். அவர்களுடைய எஃப்.ஜி. வரிசைக் கிட்டார் 1966-இல் வந்தது; அதன் ஆரம்ப காலச் சிவப்பு லேபிள் கிட்டார்களை இன்று தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் பேரன் கையில் விளையாடக் கொடுக்காதீர்கள்.

இனி உடம்பு. கண்ணாடி போட்டுக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை ஓட்டைக்குள் விட்டுப் பாருங்கள்.

முதலில் பசை. பழைய தச்சர்கள் வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டினார்கள். அது காய்ந்தால் பழுப்பாக, கண்ணாடிபோல் உடையும். ஃபெவிகால் 1959-இல்தான் வந்தது. மூட்டுகளில் வெள்ளைப் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தால், ஒன்று அந்தக் கிட்டார் அதற்குப் பிந்தையது. அல்லது பிற்பாடு யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். எல்லா மூட்டிலும் ஒரே பசை இருந்தால் முதல் யோசனை. ஒரே ஒரு மூட்டில் மட்டும் இருந்தால் இரண்டாவது.

அடுத்தது ஸ்க்ரூ. தலைப்பக்கத்தில் கம்பியை முறுக்கும் கீயைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூக்களைப் பாருங்கள். ஒற்றைக் கோடு போட்டவையா, ஸ்டார் ஸ்க்ரூவா? ஸ்டார் ஸ்க்ரூவுக்கு அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் செய்த கிட்டாரில் அது இருக்க வழியில்லை. பக்கத்திலேயே பழைய துளை அடைத்த தடம் இருந்தால், கீயே மாற்றப்பட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது, கழுத்து. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை டிரஸ் ராடு என்பார்கள். கம்பிகள் இழுக்கும் இழுப்பில் கழுத்து வளையாமல் இருக்க, திருகிச் சரி செய்யும் டிரஸ் ராடை கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ கண்டுபிடித்தார். காப்புரிமை 1923-இல் கிடைத்தது. மார்ட்டின் கம்பெனி 1985 வரை அதை வைக்கவே இல்லை. ஆகவே டிரஸ் ராடு இருப்பது ஒரு செய்தி. இல்லாததை வைத்து மட்டும் "ரொம்பப் பழசு" என்று சொல்ல முடியாது. மலிவான கிட்டார்களிலும் அது இருக்காது.

நான்காவது, மெட்டு. வீணைக்காரர்கள் மெட்டு என்று சொல்வதைக் கிட்டார்காரர்கள் ஃபிரெட் என்பார்கள். கழுத்து உடம்போடு சேரும் இடம் வரை எண்ணுங்கள். பழைய வழக்கம் பன்னிரண்டு. நைலான் கம்பிக் கிட்டார்களில் இன்றும் அதுவே. இரும்புக் கம்பிக் கிட்டார்களில் பதினான்கு என்ற வழக்கம் 1930-ஐ ஒட்டித்தான் பரவியது. நைலான் கம்பியே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்ததுதான். அதற்கு முன் ஆட்டுக் குடலிலிருந்து எடுத்த நரம்பு.

ஐந்தாவது நம் நாட்டுக்கே உரிய அடையாளம். கழுத்தின் உச்சியில் கம்பிகள் தாண்டிப் போகும் பட்டை வழக்கத்துக்கு மாறாக உயரமாக இருக்கிறதா? மெட்டுகள் தேயாமல் புதிதுபோல் இருக்கின்றனவா? அப்படியானால் அது மடியில் படுக்க வைத்து, இரும்புக் குழாயை நகர்த்தி வாசித்த ஹவாய் முறைக் கிட்டாராக இருக்கலாம். 1940-களில் டாவ் மோ என்ற ஹவாய் இசைக்கலைஞர் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். வங்காளத்தில் அந்த முறை ஊன்றிவிட்டது. சுனில் கங்குலி சினிமாப் பாட்டுகளை அப்படி வாசித்த இசைத்தட்டுகள் நம் பக்கத்து ரேடியோக் கடைகள் வரை வந்தன. விஸ்வ மோகன் பட் 1994-இல் கிராமி விருது வாங்கினாரே, அவருடைய மோகன வீணைக்கும் மூதாதை அந்தக் கிட்டார்தான். "இதை யாரோ கெடுத்து வைத்திருக்கிறார்கள்" என்று அந்த உயரப் பட்டையைப் பிடுங்கி எறிகிறவர்கள், ஒரு சரித்திரத்தைப் பிடுங்கி எறிகிறார்கள்.

கடைசியாக மரம். இதில் நம் மலைக்கும் பங்கு இருக்கிறது. நல்ல கிட்டாரின் முதுகும் விலாவும் ஈட்டி மரத்தில் செய்வது வழக்கம். தோதகத்தி என்றும் சொல்வோம். ஒரு காலத்தில் பிரேசில் நாட்டு ஈட்டியைத்தான் அமெரிக்கர்கள் தேடினார்கள். பிரேசில் 1960-களின் கடைசியில் முழு மரமாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. மார்ட்டின் கம்பெனி 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. அவர்களுடைய பேர்பெற்ற டி-28 வகையில் 254498 என்ற எண்ணிலிருந்து இந்திய மரம். தென்னிந்திய மலைகளில் வளரும் மரம், எங்கோ ஓர் அமெரிக்கப் பாடகனின் நெஞ்சில் சாய்ந்துகொண்டிருக்கிறது. நம் பையன்கள் கையில் இருந்ததோ பெரும்பாலும் பிளைவுட். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் வருத்தமும் வரும். ஈட்டி மரத்தைக் காப்பாற்ற 1994-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. 2017-இல் உலக அளவில் ஈட்டி வகை மரங்கள் அனைத்தின் வணிகத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குத் தந்தார்கள். பிரேசில் ஈட்டிக்கு மட்டும் 1992-லிருந்து கடும் தடை அப்படியே இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குப் பழைய கிட்டாரை அனுப்ப நினைப்பவர்களுக்கு, என்ன மரம் என்று தெரிந்துகொள்வது வெறும் ஆர்வம் மட்டும் இல்லை. சட்டச் சிக்கலிலிருந்து தப்பிக்கும் வழியும்கூட.

இத்தனை அடையாளமும் ஒரே ஒரு விதிக்குள் அடங்கும். ஒவ்வொன்றும் "இதற்கு முன் இல்லை" என்றுதான் சொல்லும். "இந்த வருஷம்தான்" என்று சொல்லாது. 1975-இல் வாங்கிய முத்திரைத்தாளில் எழுதிய பத்திரம் 1970-இல் எழுதியதாக இருக்க முடியாது. அது 1975-இல் எழுதியதா, 1976-இல் எழுதியதா என்று தாள் மட்டும் சொல்லாது. கிட்டாரும் அப்படித்தான். முதலிலிருந்தே அதில் இருக்கும் பாகங்களில் எது மிகப் புதியதோ, அதற்கு முன் அது பிறந்திருக்க முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு கிட்டாரில் கல்கத்தா விலாசம், பின்கோடு இல்லை. எல்லா மூட்டிலும் வெள்ளைப் பசை. ஸ்டார் ஸ்க்ரூ. பதினான்கு மெட்டு. பிளைவுட் முதுகு. இவற்றை வைத்து என்ன சொல்லலாம்? வெள்ளைப் பசை 1959-க்குப் பின் என்கிறது. கல்கத்தா என்ற பெயர் 2001-க்கு முன் என்கிறது. பின்கோடு இல்லாததால் 1972-க்கு முன்னாலாக இருக்கலாம். ஆனால் பழைய லேபிள் கட்டு தீரும்வரை ஒட்டிக்கொண்டே இருந்திருப்பார்கள் என்பதால் அதை அழுத்திச் சொல்ல முடியாது. ஆக, 1960-களிலிருந்து 1980-கள் வரை எங்கேயும் இருக்கலாம். இருபது முப்பது வருஷ இடைவெளி. மார்ட்டினைப் போல் எண் பட்டியல் இல்லாத கிட்டாரில், உடம்பை வைத்து இதற்குமேல் நகர முடியாது.

அப்போது அந்த வீட்டு அம்மா உள்ளேயிருந்து ஒரு கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார் என்று வையுங்கள். மேடையில் மெல்லிசைக் குழு. ஒருவர் தோளில் இதே கிட்டார். மேல்பலகையில் அதே கீறல், அதே தலை வடிவம். ஆல்பத்தோடு கல்யாணப் பத்திரிகையும் இருக்கிறது: 1974 ஆவணி. முப்பது வருஷ இடைவெளி ஒரு நிமிஷத்தில் பதினைந்து வருஷமாகச் சுருங்கிவிட்டது. "இது எங்க அண்ணன் முதல் சம்பளத்துல வாங்குனது, அதுக்கு முந்துன வருஷம்தான் வேலை கிடைச்சது" என்று அவர் சொன்னால், 1973 என்று எழுதிவிடலாம். எந்த டார்ச்சும் எந்தக் கண்ணாடியும் இதைச் சொல்லாது.

என் கருத்தின் மையம் இதுதான். வெளிநாட்டுக் கிட்டாருக்குக் கம்பெனியின் பதிவேடு இருக்கிறது. நம் கிட்டாருக்குப் பதிவேடு நம் தலைமுறையின் ஞாபகம். கம்பெனிப் பதிவேடு அலமாரியில் இருக்கும். இந்தப் பதிவேட்டுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருக்கிறது. ஒவ்வொரு துக்க வீட்டிலும் சில பக்கங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. பழைய குழுக்காரர்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தால், எண்ணுவதற்கு இப்போது ஒரு கை போதும்.

ஞாபகம் போவது ஒரு பக்கம். மிச்சம் இருக்கும் சாட்சியையும் நாமே கலைக்கிறோம். பக்கத்து ஊர் ஒன்றில் சர்ச் பாடகர் குழுவின் பழைய கிட்டார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பையன்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நீல எனாமல் அடித்து, லேபிளைச் சுரண்டி, புதுக் கீ போட்டு, பளபளவென்று கொண்டுவந்து காட்டினார்கள்.

"எப்படி அண்ணாச்சி? புதுசு மாதிரி இருக்குல்லா?"

"பழைய கீ எல்லாம் எங்க தம்பி?"

"அது துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. பழைய இரும்புக்குப் போட்டாச்சு."

அந்தக் கிட்டாருக்கு இனி வயது சொல்ல முடியாது. மரத்தின் ரேகை எனாமலுக்குக் கீழே. கீ எந்தக் காயலான் கடையிலோ. அதை வாங்கிக் கொடுத்த பாதிரியார் யார், எந்த வருஷம் என்று சொல்லக்கூடிய பெரியவர் அதற்கு முந்தைய வருஷம்தான் போய்ச் சேர்ந்திருந்தார். ஒரு வருஷத்துக்குள் மூன்று சாட்சிகளும் காலி.

"வாசிக்கிற சாமானை அழகு படுத்தக் கூடாதா? மியூசியத்தில் வைக்கவா வாங்கினோம்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிட்டார் வாசிக்கத்தான். கம்பி மாற்றுங்கள். விலகிய மூட்டை ஒட்டுங்கள். கீ சுற்றவில்லை என்றால் புதியது போடுங்கள். நான் கேட்பது மூன்றே மூன்று. முதலாவது, கை வைப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். இப்போது எல்லோர் பையிலும் கேமரா இருக்கிறது. இரண்டாவது, கழற்றியதைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டுக் கிட்டார் பைக்குள்ளேயே வையுங்கள். மூன்றாவது, பெயிண்ட் மட்டும் வேண்டாம். ஈரமில்லாத மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

வைக்கும் இடத்தையும் பாருங்கள். சித்திரை வெயிலில் நம் ஊர்ப் பரண் அடுப்பு மாதிரி காயும். குற்றால சீசன் வந்தால் சாரல் காற்றில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். காய்வதும் உப்புவதுமாக வருஷா வருஷம் நடந்தால் மேல்பலகை வெடிக்கும், பிரிட்ஜ் பெயரும். மரக் கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீதம் வரை ஈரப்பதம் உகந்தது என்பார்கள். அளக்கும் கருவி எல்லாம் வேண்டாம். பரணிலிருந்து இறக்கி, வெளிச்சுவரில் சாய்க்காமல், மனுஷர் படுக்கும் அறையில் வையுங்கள். நீண்ட நாள் வாசிக்கப் போவதில்லை என்றால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள். கரையானுக்கு மட்டும் மாதம் ஒருமுறை பார்வை.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேசிவிட வேண்டும். இதில் இரண்டு விதமான ஏமாற்று நடக்கிறது. ஒருவன் வந்து "இது கிப்சன், ஒன்றரை லட்சம் போகும், விற்றுத் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்" என்பான். இன்னொருவன் உண்மையிலேயே நல்ல ஜப்பான் கிட்டாரைப் பார்த்து "வெறும் கட்டை, ஐந்நூறு ரூபாய் தருகிறேன்" என்பான். இருவருக்கும் மூலதனம் நம் அறியாமைதான். பசையும் ஸ்க்ரூவும் சின்ன எழுத்து விலாசமும் பார்க்கத் தெரிந்தால் இருவரும் வாசலோடு போய்விடுவார்கள். இந்தியாவில் செய்த பழைய பிளைவுட் கிட்டாருக்குப் பெரிய சந்தை விலை கிடையாது என்பதுதான் பெரும்பாலும் நான் சொல்ல நேரும் செய்தி. கேட்டவர் முகம் வாடும். ஆனால் அந்தக் கிட்டாரின் மதிப்பைச் சந்தை மட்டும் சொல்ல முடியுமா? நெல் விற்ற காசில் ஒரு தகப்பன் பையனுக்கு வாங்கிக் கொடுத்தது. ஐந்து ஊர்க் கொடையில் வாசித்தது. அந்தப் பையன் இப்போது தாத்தா. அவருடைய பேரனுக்கு இதை விற்றுத் தருவது எந்தச் சந்தை?

ஆகவே இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். பரணில் கிட்டார் இருந்தால் இறக்குங்கள். ஒரு வெள்ளைத்தாளில், பேனாவில், இவ்வளவு எழுதுங்கள்: யார் வாங்கியது, எந்த வருஷம், எந்த ஊரில், எந்தக் கடையில், என்ன விலை, யார் யார் வாசித்தார்கள், எந்தக் குழுவில், எப்போது என்ன பழுது பார்த்தது, யார் பார்த்தது. வருஷம் சரியாக ஞாபகம் வராவிட்டால் பக்கத்து நிகழ்ச்சியை எழுதுங்கள்: "பெரியவள் பிறந்த வருஷம்", "அந்தப் பெரிய வெள்ளத்துக்கு மறுவருஷம்". பின்னால் வருகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். ஊகத்தை உண்மை மாதிரி எழுதாதீர்கள். பழைய போட்டோ இருந்தால் அதன் பின்னால் பெயர்களை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுங்கள். தாளைக் கிட்டாருக்குள் ஒட்ட வேண்டாம். பையின் ஜேபியில் வையுங்கள். ஒரு நகல் பீரோவில் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் கிட்டார் இல்லாவிட்டால், குழுவில் வாசித்த பழைய நண்பர் ஒருவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அரைமணி நேர வேலை. அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். யாராவது கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! எழுதி முடித்ததும் அவரையே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சாட்சி உயிரோடு இருக்கும்போது வாங்கும் கையெழுத்துக்குத்தான் மதிப்பு.